போன வழியே திரும்பாத ஒளி: ஆப்டிகல் சர்குலேட்டர் வேலை செய்யும் விதம்

ஒரு பாலத்தின் அடியில் ஒளியிழை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலம் எவ்வளவு வளைகிறது, எவ்வளவு சூடாகிறது என்பதை அந்த இழையே சொல்லிவிடும். அதன் கண்ணாடிக்குள் ஓரிடத்தில் மிக நெருக்கமான வரிகளைப் பதித்திருப்பார்கள். பிராக் கிரேட்டிங் என்று அதற்குப் பெயர். பல அலைநீளங்களில் அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பினால், இந்த வரிகள் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் வந்த வழியே திருப்பி அனுப்பும். மற்றதெல்லாம் நேரே போய்விடும். இழை கொஞ்சம் நீண்டாலும் சூடானாலும் திரும்பி வரும் அலைநீளம் நகரும். 1550 நானோமீட்டர் பகுதியில், ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் சுமார் 0.01 நானோமீட்டர் நகரும். அந்த நகர்வை அளந்தால் பாலத்தின் உடம்பு எப்படியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மூளையைக் கசக்க வேண்டிய விஷயமே இல்லை.

ஆனால் அதை எங்கே நின்று அளப்பது? அலைநீளத்தை மாற்றி மாற்றி ஒளி அனுப்பும் லேசர் இழையின் இந்த முனையில் உட்கார்ந்திருக்கிறது. திரும்பி வரும் ஒளியும் இதே முனைக்குத்தான் வருகிறது. இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரான் அகலம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லேசரையும், திரும்பும் ஒளியை அளக்கும் உணரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அங்கே இடமே கிடையாது. வருகிற ஒளி நேராக லேசரின் வாய்க்குள் போய் விழும். அப்படி விழுந்தால் பல லேசர்கள் தடுமாறும். வெளிச்சத்தின் அளவும் அலைநீளமும் ஆட ஆரம்பிக்கும்.

மலிவான வழி ஒன்று உண்டு. இரண்டு இழைகளைப் பக்கவாட்டில் உருக்கி ஒட்டிய கப்ளரை நடுவில் போடலாம். உள்ளே போகும் ஒளியை அது இரண்டு பாதியாகப் பிரிக்கும். ஒரு பாதி பாலத்துக்குப் போகும், மறு பாதி வீண். திரும்பி வருவதையும் அதே கப்ளர் இரண்டாகப் பிரிக்கும். அதில் ஒரு பாதி உணரிக்கு வரும், இன்னொரு பாதி லேசரையே போய் அடிக்கும். கிரேட்டிங் தன் அலைநீளத்தை முழுக்கத் திருப்பினாலும், அனுப்பிய நூறில் கைக்குக் கிடைப்பது இருபத்தைந்து. எவ்வளவு நன்றாகச் செய்த கப்ளராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த இடத்தில்தான் சர்குலேட்டர் வருகிறது. பார்க்க ஒரு சிறிய உலோகக் குழாய், பேனா மூடி அளவு இருக்கும். ஒரு பக்கம் இரண்டு இழைகள், மறுபக்கம் ஒன்று. மூன்றுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள், போர்ட் என்று சொல்வார்கள். ஒன்றாம் போர்ட்டில் ஒளியை விட்டால் இரண்டில் வெளியே வரும். இரண்டாம் போர்ட்டில் விட்டால் ஒன்றுக்குப் போகாது, மூன்றில் வரும். மின் இணைப்பு எதுவும் கிடையாது. உள்ளே அசையும் பாகமும் இல்லை. லேசரை 1இல் மாட்டி, பாலத்து இழையை 2இல் மாட்டி, உணரியை 3இல் மாட்டினால் வேலை முடிந்தது. ஒரு முறை கடக்கும்போது சுமார் 0.8 டெசிபெல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் அளவு) இழப்பு என்று எடுத்துக்கொண்டால், போக வர நூறில் அறுபத்தொன்பது கைக்கு வரும். கப்ளரின் இருபத்தைந்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது?

பதிலுக்குப் போகும் முன் கேள்வி எவ்வளவு விசித்திரமானது என்று புரிந்துகொள்வது நல்லது. வில்லை, கண்ணாடி, முப்பட்டகம், சாதாரண இழை எதை எடுத்துக்கொண்டாலும் ஒளி ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படும்: போன பாதையில் திருப்பி விட்டால், அதே பாதையில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். முகம் பார்க்கும் கண்ணாடியில் இன்னொருவரின் கண் உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் கண்ணும் அவருக்குத் தெரியும். எத்தனை கண்ணாடிகளை எப்படி அடுக்கினாலும் இந்தச் சட்டத்தை உடைக்க முடியாது. ஒருபக்கம் மட்டும் தெரியும் என்று விற்கிற ஜன்னல் கண்ணாடியும் உடைப்பதில்லை. ஒரு அறை வெளிச்சமாகவும் இன்னொன்று இருட்டாகவும் இருப்பதால் வரும் ஏமாற்று அது. விளக்கை மாற்றிப் போட்டால் வேடம் கலைந்துவிடும்.

சர்குலேட்டர் இந்தச் சட்டத்தை நிஜமாகவே மீறுகிறது. 1லிருந்து 2க்குப் போன ஒளி, 2லிருந்து திரும்பும்போது 1க்கு வருவதில்லை. ஆகவே உள்ளே கண்ணாடி, வில்லைகளைத் தாண்டி வேறு ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அந்த ஒன்று காந்தம்.

1845ஆம் ஆண்டு செப்டம்பரில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு சோதனை செய்தார். ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை வலுவான மின்காந்தத்தின் அருகே வைத்து, காந்தப் புலத்தின் திசையிலேயே ஒளியைச் செலுத்தினார். ஒளியின் அலை ஆடும் திசை சற்றுத் திரும்பியிருந்தது.

இந்த ‘ஆடும் திசை’ என்பதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிடலாம். மொத்தக் கட்டுரையும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒளி ஒரு அலை. அது முன்னோக்கிப் போகும்போது அதன் மின்புலம் குறுக்கே ஆடுகிறது. மேலும் கீழுமாக ஆடலாம், இடம் வலமாக ஆடலாம், சாய்வாகவும் ஆடலாம். பள்ளிப் பாடத்தில் தளவிளைவு என்று படித்தது இதைத்தான். சில படிகங்களும் பூச்சுகளும் செங்குத்தாக ஆடும் ஒளியை நேரே விட்டு, கிடையாக ஆடும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும். எனவே ஆடும் திசையை மாற்ற முடிந்தால், ஒளி போகும் வழியையும் மாற்ற முடியும்.

ஆடும் திசையைத் திருப்புவதற்குக் காந்தம்தான் வேண்டும் என்றில்லை. சர்க்கரைக் கரைசலும் திருப்பும், குவார்ட்ஸ் படிகமும் திருப்பும். ஆனால் இரண்டு வகைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரு ஸ்க்ரூவை எடுத்து இந்த முனையிலிருந்து பாருங்கள், புரி வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே தள்ளிப் போகும். திருப்பிப் பிடித்து அந்த முனையிலிருந்து பாருங்கள், அப்போதும் வலப்பக்கம்தான். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் ஃபேனைப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கமாகச் சுற்றுகிறது, பின்னால் போய்ப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. சர்க்கரையும் குவார்ட்ஸும் ஸ்க்ரூ ஜாதி. காந்தம் வைத்த கண்ணாடி ஃபேன் ஜாதி.

இதன் விளைவு என்ன? நாம் நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். ஸ்க்ரூ ஜாதிப் பொருள் வழியாக ஒளி போகும்போது ஆடும் திசை 45 டிகிரி இடப்பக்கம் திரும்பினால், அதே ஒளி திரும்பி வரும்போது 45 டிகிரி வலப்பக்கம் திரும்பி, பழைய நிலைக்கே வந்துவிடும். போனது வந்தது சரிக்குச் சரி. ஃபேன் ஜாதிப் பொருளில் அப்படி ஆகாது. போகும்போது வலப்பக்கம் 45 டிகிரி என்றால், வரும்போதும் நம் கண்ணுக்கு வலப்பக்கமே இன்னொரு 45 டிகிரி. காந்தப் புலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. ஒளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அது கேட்பதே இல்லை. போக வர மொத்தம் 90 டிகிரி. செங்குத்தாகப் புறப்பட்டது கிடையாகத் திரும்பி வரும்.

ஒளியின் ‘போன வழியே வருவேன்’ என்ற சட்டம் உடையும் இடம் இதுதான். சர்குலேட்டரில் மற்றதெல்லாம் இந்த உடைசலைப் பயன்படுத்திக்கொள்ளும் கைவேலை. ஆனால் அந்தக் கைவேலை அழகானது.

இரண்டு ஜாதியையும் அடுத்தடுத்து வைப்போம். முதலில் காந்தக் கார்னெட் என்ற ஃபேன் ஜாதிப் படிகம், வலப்பக்கம் 45 டிகிரி. அப்புறம் ஸ்க்ரூ போல நடந்துகொள்ளும் ஒரு தகடு, போகும்போது இடப்பக்கம் 45 டிகிரி. நடைமுறையில் அரை அலைத் தகடு என்ற மெல்லிய குவார்ட்ஸ் சில்லு இந்த வேலையைச் செய்கிறது. ஒளி போகும்போது வலம் 45, இடம் 45, கூட்டினால் பூஜ்யம். செங்குத்தாகப் போன ஒளி செங்குத்தாகவே வெளியே வரும். திரும்பி வரும்போது முதலில் தகடு: அது தான் முன்பு செய்ததற்கு நேர்மாறாக வலம் 45 திருப்பும். அடுத்தது கார்னெட்: அது எப்போதும்போல் வலம் 45. மொத்தம் 90. போகும்போது கழித்தல், வரும்போது கூட்டல்.

இந்த ஜோடிக்கு முன்னால், செங்குத்தை நேரே விட்டுக் கிடையைப் பக்கவாட்டில் திருப்பும் பிரிப்பான் ஒன்றை வைத்தால் சர்குலேட்டர் பிறந்துவிட்டது. 1இல் செங்குத்தாக நுழைந்த ஒளி பிரிப்பானைத் தாண்டி, ஜோடியைத் தாண்டி, செங்குத்தாகவே 2க்குப் போகிறது. 2லிருந்து செங்குத்தாகத் திரும்பும் ஒளி, ஜோடியைக் கடக்கும்போது கிடையாக மாறிவிடுகிறது. பிரிப்பான் அதை 1க்கு விடாமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. அங்கே ஒரு இழையை வைத்தால் அதுதான் போர்ட் 3.

போர்ட் 3இல் ஒளியை விட்டால்? பிரிப்பானில் பட்டு, கிடையாக ஜோடிக்குள் போய், கிடையாகவே மறுபக்கம் வரும். அங்கும் ஒரு பிரிப்பான் வைத்து அதைத் தனியே பிரித்தால் போர்ட் 4 கிடைக்கும். 4இல் விட்டது திரும்பி வரும்போது 90 டிகிரி திரும்பிச் செங்குத்தாகி 1க்குப் போகும். இப்படி நான்கும் சங்கிலியாகச் சுற்றும் சர்குலேட்டர்கள் உண்டு. ஆனால் கடையில் அதிகம் கிடைக்கும் மூன்று போர்ட் சர்குலேட்டரில் 4 இருக்க வேண்டிய இடம் வெறும் சுவர். 3இல் விட்டது அங்கே முட்டி நின்றுவிடும். அதனால் 3லிருந்து 1க்கும் போகும் என்று நினைத்து யாராவது திட்டம் போட்டால் ஏமாந்து போவார்கள். பெயரைப் பார்த்து முழுச் சுற்று என்று எண்ணுவது இயல்புதான், பெரும்பாலானவை அப்படியில்லை.

கொஞ்சம் பழைய கதை. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலே பிரபு 1885இலேயே இந்த 45 டிகிரி ஏற்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆடும் திசையை வடிகட்டும் இரண்டு படிகங்களுக்கு நடுவே காந்தத் திருப்பியை வைத்தால், ஒளி ஒரு பக்கம் போகும், மறுபக்கம் வராது. உடனே ஒரு பயமும் கிளம்பியது. ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு நடுவே இதை வைத்தால், ஒன்றின் கதிர்வீச்சு மட்டும் மற்றதற்குப் போய், எந்தச் செலவும் இல்லாமல் ஒன்று சூடாகி இன்னொன்று குளிருமே! வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்ன ஆவது? ரேலே 1901இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றித் தனியாக எழுதினார். விடை இதுதான்: தடுக்கப்பட்ட ஒளி மாயமாகிவிடுவதில்லை. வடிகட்டும் படிகம் அதை வேறு திசையில் தள்ளுகிறது. அந்தத் திசையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் விதி பத்திரமாக இருக்கும்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம், சர்குலேட்டரின் மொத்தத் தத்துவமும் அந்த விடையிலேயே இருப்பதுதான். திரும்பி வரும் ஒளியைப் பக்கவாட்டில் தள்ளித் தூக்கி எறிந்தால் அது ஐசோலேட்டர். லேசர்களைக் காப்பாற்ற அவற்றின் வாசலில் வைப்பது அதைத்தான். தூக்கி எறிகிற இடத்தில் ஒரு இழையைப் பிடித்து ஏந்திக்கொண்டால் அது சர்குலேட்டர்.

காகிதத்தில் வேலை முடிந்துவிட்டது. கருவியாகச் செய்ய உட்கார்ந்தால் ஒரு பெரிய தொல்லை காத்திருக்கிறது.

மேலே சொன்னதெல்லாம் ஒளி செங்குத்தாக ஆடிக்கொண்டு வருகிறது என்ற நம்பிக்கையில் சொன்னது. உண்மையான இழையில் அப்படி வராது. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் இழை எங்கோ வளைகிறது, எங்கோ வெயிலில் சூடாகிறது, எங்கோ அழுத்தப்படுகிறது. ஒவ்வொன்றும் ஆடும் திசையைக் கொஞ்சம் மாற்றும். காலையில் ஒரு திசை, மதியம் வேறு திசை. 2லிருந்து திரும்பும் ஒளி எந்த நிலையில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எளிய சர்குலேட்டரில் இப்படி வந்தால், பாதி 3க்கும் பாதி வேறெங்கோவும் சிதறும். நேரத்துக்கு நேரம் சிக்னல் ஏறி இறங்கும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, வாசலிலேயே ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே மாதிரியாக ஆக்கிக்கொள்வது. பிரிக்க உதவும் குணம் மிகப் பழையது. 1669இல் டென்மார்க்கைச் சேர்ந்த எராஸ்மஸ் பார்தோலின், ஐஸ்லாந்தில் கிடைத்த தெளிவான கால்சைட் கல்லை எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று எழுதி வைத்தார். இரட்டை ஒளிவிலகல் என்கிறோம். படிகத்துக்குள் நுழையும் ஒளியில் ஒரு திசையில் ஆடும் பங்கு நேரே போகும். அதற்குச் செங்குத்தாக ஆடும் பங்கு சரிவாக நகர்ந்து, பக்கத்தில் வெளியே வரும். இன்றைய கருவிகளில் கால்சைட்டுக்குப் பதில் பெரும்பாலும் இட்ரியம் வனடேட் படிகம். 10 மில்லிமீட்டர் நீளத் துண்டு, ஒரு கதிரைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் தள்ளும். கேட்க அற்பமாக இருக்கும். இழையின் உள்ளகம் 9 மைக்ரான்தான் என்பதை நினைத்தால், ஒரு மில்லிமீட்டர் என்பது தாராளமான இடம்.

ஒளி இப்படிப் பயணிக்கிறது. போர்ட் 1 இழையிலிருந்து வெளியே வரும் ஒளி விரிந்து சிதறப் பார்க்கும், ஒரு குட்டி வில்லை அதை மெல்லிய இணைக்கதிராக்கும். முதல் படிகம் அதைச் செங்குத்து, கிடை என இரண்டு கதிராகப் பிரிக்கிறது. கிடையாக இருப்பதன் பாதையில் மட்டும் ஒரு தகடு, அதையும் செங்குத்தாக்குகிறது. இப்போது இரண்டும் ஒரே நிலையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கார்னெட்டும் தகடும் சேர்ந்த ஜோடியில் கூட்டிக் கழித்துப் பூஜ்யம், இரண்டும் செங்குத்தாகவே தொடர்கின்றன. நடுவில் நிற்கும் இன்னொரு படிகம் செங்குத்தைத் தொடாது, கிடையை மட்டும் தள்ளும். ஆகவே இந்தப் பயணத்தில் அது சும்மா நிற்கிறது. கடைசியில் ஒரு கதிரைத் திரும்பக் கிடையாக்கி, மூன்றாவது படிகத்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, வில்லை வழியாகப் போர்ட் 2 இழைக்குள் விடுகிறார்கள்.

திரும்பும்போதும் அதே சடங்கு. ஆனால் ஜோடியைக் கடந்தபின் இரண்டு கதிர்களும் கிடையாக மாறியிருக்கும். நடுப் படிகத்தை அவை கிடையாகவே சந்திக்கும்படி அடுக்கு வரிசையை அமைத்திருப்பார்கள். அந்தப் படிகம் இரண்டையும் ஒரே அளவு பக்கத்தில் தள்ளும். வாசலில் இரண்டும் சேரும்போது, போர்ட் 1 இழைக்கு நேராக இல்லாமல் அதன் பக்கத்து இழைக்கு நேராகச் சேரும். அதுதான் 3. உலோகக் குழாயின் ஒரே பக்கத்தில் 1, 3 இரண்டும் சேர்ந்து இருப்பதற்குக் காரணம் இதுதான். படிகங்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சிலர் முப்பட்டகங்களையும் சேர்ப்பார்கள். அடிப்படை ஒன்றே.

இரண்டு கதிர்களும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஒன்று பிந்தினால், வேகமாக ஓடும் தரவில் ஒரு துடிப்பு இரண்டாகக் கலங்கும். அதனால் இரண்டின் பாதையையும் சமமாக வைப்பார்கள். நல்ல கருவியில் இந்த வித்தியாசம் ஒரு பைக்கோ வினாடியில் (வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்.

கார்னெட் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், அது என்ன என்று சொல்லவில்லை. ஃபாரடே பயன்படுத்தியது கண்ணாடி. ஒளியிழை செய்யும் சிலிக்காக் கண்ணாடியை எடுத்துக்கொண்டால், 1550 நானோமீட்டரில், ஒரு டெஸ்லா காந்தப் புலத்தில் 45 டிகிரி திருப்ப ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். பேனா மூடிக்குள் அது நடக்காது. 1956இல் பிரான்சின் கிரெனோபிளில் இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற படிகத்தைக் கண்டறிந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது இருண்டு கிடக்கும். இழைத் தொடர்புக்குப் பயன்படும் அகச்சிவப்பிலோ அது கண்ணாடிபோல் தெளிவு. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டரிலேயே 45 டிகிரி திருப்பிவிடும். அதில் இட்ரியத்தின் இடத்தில் பிஸ்மத்தைச் சேர்த்தால் இன்னும் வலு. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனே போதும். உருகிய குழம்பிலிருந்து மெல்ல மெல்ல வளர்த்தெடுத்த படலம் அது. சுற்றிலும் ஒரு சிறிய நிரந்தர காந்த வளையம். சிலவகைப் படலங்களை ஒருமுறை காந்தமாக்கினால் அப்படியே நிற்கும், வளையமும் தேவையில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, இந்தத் தொழிலின் நுணுக்கத்தை இதைவிட நன்றாகக் காட்டுவது எனக்குத் தெரியாது. கார்னெட் 45க்குப் பதில் 46 டிகிரி திருப்பினால் என்ன ஆகும்? தவறான திசையில் கசியும் ஒளியின் பங்கு, அந்த ஒரு டிகிரியின் சைன் மதிப்பின் இருபடி. பத்தாயிரத்தில் மூன்று பங்கு, அதாவது 35 டெசிபெல். சந்தையில் சர்குலேட்டர்களிடம் வழக்கமாக எதிர்பார்ப்பது 40 டெசிபெல், பத்தாயிரத்தில் ஒன்று. ஒரே கார்னெட்டால் அதை எட்ட வேண்டுமானால் பிழை அரை டிகிரியைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். ஆனால் வெப்பநிலை மாறினால் கார்னெட் திருப்பும் அளவு மாறும், அலைநீளம் மாறினாலும் மாறும். அதனால்தான் 1550க்குச் செய்ததை 1310இல் போட்டால் சரியாக வேலை செய்யாது. வாங்கும்போது அலைநீள வரம்பைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. இன்னும் தூய்மை தேவைப்படும் இடங்களில் இரண்டு கார்னெட்டுகளை அடுத்தடுத்து வைப்பார்கள். முதலாவது விட்டதை இரண்டாவது பிடிக்கும்.

இனி எங்கெங்கே பயன்படுகிறது என்று பார்ப்போம்.

பாலத்து உணரியைப் பார்த்தாயிற்று. அதே கிரேட்டிங்கைத் தொலைத்தொடர்பில் வேறு மாதிரி பயன்படுத்துவார்கள். ஒரே இழையில் பல அலைநீளங்களில் பல சானல்கள் ஓடும்போது, நடுவழியில் ஒரு சானலை மட்டும் இறக்க வேண்டும். சர்குலேட்டரின் போர்ட் 2இல் அந்த அலைநீளத்தை மட்டும் திருப்பும் கிரேட்டிங்கை வைத்தால், அது திரும்பி 3இல் இறங்கிவிடும். மற்றவை கிரேட்டிங்கைத் தாண்டித் தம் ஊருக்குப் போகும்.

இதைவிடச் சாமர்த்தியமான வேலை நிறப்பிரிகையைச் சரிசெய்வது. சாதாரண ஒற்றைமுறை இழையில், 1550 பகுதியில் குறைந்த அலைநீளம் முந்தும், கூடிய அலைநீளம் பிந்தும். ஒரு நானோமீட்டர் வித்தியாசத்துக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 17 பைக்கோ வினாடி. 80 கிலோமீட்டரில் அது 1360 ஆகிவிடும். கூர்மையான துடிப்பு பரந்து, அடுத்த துடிப்பின் மேல் ஏறி விழும். வரிகளின் இடைவெளி படிப்படியாக மாறும் ஒரு நீண்ட கிரேட்டிங்கைப் போர்ட் 2இல் வைப்பார்கள். பிந்தி வரும் கூடிய அலைநீளத்தை அது வாசலிலேயே திருப்பிவிடும். முந்தி வந்ததைக் கடைக்கோடிவரை ஓடவிட்டுத் திருப்பும். இருவரும் ஒன்றாகப் போர்ட் 3க்கு வருவார்கள். சர்குலேட்டர் இல்லாமல் இந்தக் கிரேட்டிங் கையில் இருந்தும் பயனில்லை.

தான் அனுப்பிய துடிப்பின் எதிரொலியைக் கேட்டு, இழை எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லும் கருவிகளிலும், தூரத்தை அளக்கும் லேசர் ராடார்களிலும், விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் பல கண் மருத்துவக் கருவிகளிலும் இது இருக்கிறது. எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான்: ஒரே வழியில் அனுப்பி, அதே வழியில் வருவதைத் தனியே எடுப்பது.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையத்திலும் ஒரே இழையில்தான் போக்கும் வரவும். அங்கே சர்குலேட்டர் இருக்குமா? இருக்காது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. அலைநீளம் வேறாக இருப்பதால் மலிவான வடிகட்டியே பிரித்துவிடும். போக்குக்கும் வரவுக்கும் ஒரே அலைநீளம் என்றால்தான் சர்குலேட்டருக்கு வேலை.

அப்படி ஒரே அலைநீளத்தை வைத்துப் பெரிய அளவில் செய்து காட்டியது கூகுள். அதன் தரவு மையங்களில் ஒளியை மின்சாரமாக மாற்றாமல், நுண்ணிய கண்ணாடிகளைச் சாய்த்து ஒரு இழையிலிருந்து இன்னொரு இழைக்கு அப்படியே திருப்பும் சுவிட்சுகளைப் போட்டிருக்கிறார்கள். பாலோமர் என்ற அந்தச் சுவிட்ச் 136க்கு 136 போர்ட்டுகள் கொண்டது. கண்ணாடி என்பதால் ஒளி இரு பக்கமும் போகலாம், அதற்குக் கவலையில்லை. ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் அனுப்ப ஒரு இழை, பெற ஒரு இழை என்று வைத்தால் சுவிட்சின் போர்ட்டுகள் இரட்டிப்பாகத் தீர்ந்துபோகும். அதனால் முனைகளில் சர்குலேட்டரை வைத்து இரண்டையும் ஒரே இழையில் ஓட்டினார்கள். சுவிட்ச் போர்ட்டும் பாதி, கேபிளும் பாதி. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் அவர்களின் டிபியு வி4 இயந்திரத்தில் 64 தொகுதிகளாக இருக்கும் 4096 சில்லுகளை இப்படி 48 சுவிட்சுகள் இணைக்கின்றன. தொலைத்தொடர்புக்காகப் பிறந்த ஒரு சிறிய உலோகக் குழாய், கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒரே அலைநீளத்தை இரு பக்கமும் ஓட்டுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. சர்குலேட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. போர்ட் 2 பக்கத்திலிருந்து எது திரும்பி வந்தாலும் 3க்கு அனுப்பும். எதிர்முனை அனுப்பிய சிக்னலும் அங்கே வரும், நாமே அனுப்பி ஏதோ ஒரு கனெக்டரில் பட்டுத் திரும்பியதும் அங்கே வரும். இரண்டும் ஒரே அலைநீளம் என்றால் பிரிக்க வழியில்லை. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒரு வெறும் முனை சுமார் 3.5 சதவீதத்தைத் திருப்பும். தொலைவிலிருந்து களைத்து வரும் சிக்னலைவிட அது அதிகமாகவே இருக்கக்கூடும். அதனால்தான் இப்படிப்பட்ட இணைப்புகளில் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்த, பச்சை நிற ஏபிசி கனெக்டர்களை விரும்புகிறார்கள். சாய்வில் படும் ஒளி திரும்பினாலும் இழையின் உள்ளகத்தைத் தவறவிட்டு வெளியே போய்விடும்.

இதே குணத்தை வைத்து ஒரு சர்குலேட்டர் சரியாக இருக்கிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடலாம். போர்ட் 1இல் ஒளி மூலத்தையும் 3இல் பவர் மீட்டரையும் மாட்டுங்கள். 2இன் முனை சாய்வில்லாத சாதாரண கனெக்டராக இருந்து, சுத்தமாகத் திறந்து கிடந்தால், அனுப்பியதைவிடச் சுமார் 14.5 டெசிபெல்லும், அதன் மேல் சர்குலேட்டரின் போக வர இழப்பும் குறைந்த ஒளி மீட்டரில் தெரியும். 2இன் முனையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனையுங்கள், மீட்டர் சட்டென்று விழும். கண்ணாடிக்கும் ஆல்கஹாலுக்கும் ஒளிவிலகல் எண்ணில் வித்தியாசம் குறைவு, அதனால் திரும்புவதும் குறைவு. நனைத்தும் விழவில்லை என்றால் ஒளி 2வரை போகாமலே உள்ளுக்குள் கசிந்து 3க்கு வருகிறது, அல்லது எண்களைப் பார்க்காமல் இழையை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். அப்புறம் ஒன்று: 1550 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஒளி வருகிறதா என்று இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது.